முதுகுக்குச் சொன்னது

அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்குப் பிறகு மில்லுக்காரரின் மனைவிக்குக் குரல் கிடையாது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன் அவள் பேசுவதை ஒரு தடவையாவது காதால் கேட்டுவிட வேண்டும் என்று மில்லுக்காரருக்குத் தோன்றியபோது கையில் இருந்தது ஒன்பது நாள். காது போய்ப் பதினோரு வருஷம் அசைந்து கொடுக்காத மனுஷனுக்கு ஒன்பது நாளில் அவசரம் வந்துவிட்டது.

தெருவறிந்த செவிடர் அவர். முப்பது வருஷமாக மாவு மில். காலையில் ஷட்டரைத் தூக்கினால் பொழுது சாய்ந்து இறக்கும்வரை மோட்டாரும் பெல்ட்டும் கல்லும் சேர்ந்து போடும் சத்தத்துக்கு நடுவில் நின்றவர். காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் குருவிச் சத்தம் போனது, பிறகு டெலிபோன் மணி, பிறகு மகள் பேச்சு, கடைசியில் மனைவி பேச்சு. போனது அவருக்கே தெரியவில்லை. எல்லாரும் வேண்டுமென்றே முணுமுணுக்கிறார்கள் என்று ஒரு வருஷம் வீட்டில் சண்டை போட்டார்.

மில்லின் அமைப்பையும் சொல்லிவிட வேண்டும். முன்பக்கம் தராசு மேஜை, அது மனைவியின் இடம். வந்த தானியத்தை எடை போட்டு, யாருக்கு எப்படி வேண்டும் என்று கேட்டு வாங்கி வைப்பவள் அவள். பின்பக்கம் மெஷின். சுவிட்சும் மாவு விழும் வாயும் சுவர்ப் பக்கமாக இருந்ததால் அவர் முகம் சுவரைப் பார்த்து இருக்கும், முதுகு அவளைப் பார்த்து இருக்கும். மேஜையிலிருந்து ஒரு நைலான் கயிறு கூரைக் கம்பி வழியாகப் போய் அவர் கண்ணுக்கு நேரே ஒரு பழைய டப்பா மூடியில் முடியும். அவள் இங்கே இழுத்தால் மூடி அங்கே ஆடும். ஒரு இழுப்பு என்றால் நைஸ். இரண்டு என்றால் கொரகொரப்பு. மூன்று என்றால் நிறுத்திவிட்டு வா.

கயிற்றில் சொல்ல முடியாததைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அவள் கத்தினால் அவருக்குக் கேட்கிறதோ இல்லையோ, தெருமுனை வரை கேட்கும். ஒருநாள் மூலத்துக்கு மருந்து போட்டுக்கொண்டீர்களா என்று அக்கறையாக ஒரு கேள்வி கேட்டாள். வரிசையில் நின்ற ஐந்து பேரும் கூரையில் ஏதோ அதிசயம் இருப்பது போல அண்ணாந்து பார்த்தார்கள். அன்றிலிருந்து அவள் உஷாராகிவிட்டாள். தெருவுக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்கிற விஷயங்களை மட்டும் கத்துவாள். ஒரு குடும்பத்தில் அப்படி எத்தனை இருந்துவிடப் போகிறது? சாப்பிட வாங்க. கோதுமை வந்திருக்கு. கரண்ட் பில் கட்டணும். மில்லைப் பூட்டியாச்சா. காது போன பிறகான பதினோரு வருஷத் தாம்பத்தியம் இந்த நாலு வாக்கியத்தில் ஓடியது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள், ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காது முகாமுக்கு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

"நாள் பூரா மெஷின் சத்தம். அதைப் பெருசு பண்ணிக் கேக்கறதுக்கு நான் காசு வேற குடுக்கணுமா?" என்றார்.

மனைவி அப்போது ஏதோ சொன்னாள். சொல்லும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டதால் உதடு தெரியவில்லை. அவரும் திருப்பிக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் காது கேட்காதது அவருக்கு வசதியாகவும் இருந்தது. வீட்டில் சண்டை வந்தால் கண்ணை மூடிக்கொண்டால் போதும், சண்டை முடிந்துவிடும்.

போன வருஷம் அவளுக்குக் குரல் கட்டியது. தெருவில் எல்லார் காதிலும் அது விழுந்தது, கட்டிய புருஷன் காதைத் தவிர. யாரும் பயப்படவில்லை, காரணம்தான் கையில் தயாராக இருந்ததே. நாள் முழுக்க மாவுத் தூசி. போதாததற்குச் செவிட்டுப் புருஷன். "அவரோட கத்திக் கத்தியே இந்தம்மா தொண்டை தேஞ்சு போச்சு" என்று மாவு வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் கூடவே சிரித்தாள். மகள் வாரா வாரம் கடையிலிருந்து தொண்டை மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தாள். ஆரஞ்சு நிற மிட்டாய். தின்று முடித்த அட்டைகள் தராசு மேஜை டிராயரில் சேர்ந்துகொண்டே போயின.

விழுங்கும்போது வலிக்கிறது என்று ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். மகள் பதில் சொன்னாள். அவள் இந்தப் பக்கம் திரும்பியிருந்ததால் மில்லுக்காரருக்கு அவள் உதடு தெரிந்தது. "ஒரு வருஷமா. அப்பாவுக்குக் காது கேக்காது, கத்திக் கத்திப் பேசுவாங்க. அதனாலதான்னு நெனச்சிட்டோம்." டாக்டர் முகமூடி போட்டிருந்தார். அவர் அதற்கு நீளமாக ஏதோ சொன்னதும் மகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டதும்தான் மில்லுக்காரருக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கேட்டார். "டாக்டர் என்ன சொன்னாரு?"

மகள் ரோட்டைப் பார்த்தாள். மனைவிதான் சொன்னாள், பஸ்ஸுக்கு நின்ற இருபது பேருக்கும் சேர்த்து. "முன்னாடியே வந்திருந்தா காப்பாத்திருக்கலாமாம். இப்போ குரலை எடுத்தாத்தான் உசிரு நிக்குமாம். இனிமே உங்களுக்கு நிம்மதி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்கு நெஞ்சின் மேல் யாரோ மூட்டையை ஏற்றிவைத்தது போல இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை, அந்த பஸ் ஸ்டாப்பில்தான் அவருக்குக் காது வேண்டும் என்று தோன்றியது.

மறுநாளே யாரிடமும் சொல்லாமல் கடைத்தெருவுக்குப் போனார். செல்போன் உறை விற்கும் தள்ளுவண்டியில் காது மெஷினும் தொங்கியது. விலை கொள்ளை மலிவு, ஒரு ஜோடிச் செருப்பை விடக் குறைவு. மாட்டிக்கொண்டார். லாரி ஹாரன் மண்டைக்குள் புகுந்து வெளியே வந்தது. பரவாயில்லை, ஏதோ கேட்கிறது என்று வீட்டுக்கு ஓடினார். வாசலில் நின்று, "பேசு" என்றார். அவள் பேசினாள். பானைக்குள் பேசுவது போல ஒரு முழக்கம்தான் வந்தது, சொல் ஒன்றும் பிரியவில்லை. அதற்குள் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து அதைப் பிடுங்கி எடுத்தாள். அது விசிலடித்துக்கொண்டே இருந்ததாம். எதிர்வீட்டு நாய் வரைக்கும் எல்லாருக்கும் கேட்ட விசில், மாட்டியிருந்தவருக்கு மட்டும் கேட்கவில்லை.

"இது சும்மா எல்லாத்தையும் பெருசாக்கும், அவ்வளவுதான். டெஸ்ட் எடுத்து உங்க காதுக்குத் தக்க மாதிரி வாங்கணும்பா" என்று மகள் தாளில் எழுதிக் காட்டினாள். ஆறு வருஷத்துக்கு முன் சொல்ல வேண்டியதை இன்று எழுதினாள். அவள் அன்றும் சொன்னாள்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனார்கள். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, ஒடுக்கமான மாடிப்படி ஏறினால் காது கருவிக் கடை. அங்கே இருந்த பெண்ணை மகள் மேடம் என்று கூப்பிட்டாள். மேடம் அவரை ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொன்னாள். அவர் அமுக்கினார். கேட்டபோதும் அமுக்கினார், கேட்காதபோதும் அமுக்கினார். இரண்டு நிமிஷத்தில் கதவு திறந்தது.

"ஐயா, கேக்காதப்ப அமுக்காதீங்க. இது பாஸ் பண்ற பரீட்சை இல்ல."

மேடம் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். கத்தவில்லை. அதனாலேயே அவள் சொன்னது அவருக்குப் புரிந்தது. வரைபடத்தைக் காட்டினாள். கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், மாடிப்படி மாதிரி கீழே இறங்கியது. கனமான சத்தம் ஓரளவு கேட்கிறது, மெல்லிய சத்தம் எல்லாம் போய்விட்டது, பேச்சின் தெளிவு அந்த மெல்லிய சத்தத்தில்தான் இருக்கிறது என்றாள். கண்ணாடித் தட்டில் நாலு வகையை வைத்தாள். காதுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் சின்னதைப் பார்த்து மகளுக்கு ஆசை. விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டாள்.

"அது வேண்டாம்மா. மில்லுல இருக்கறவங்களுக்கு மாவுத் தூசி அடைச்சு ஒரு மாசம் தாங்காது" என்றாள் மேடம். "இது போனோட சேர்ந்தது. ஐயா போன்ல பாட்டுக் கேப்பாரா? மாட்டாரு இல்ல, அப்போ அந்தக் காசு தண்டம். இந்தப் பாக்கெட்ல வெக்கற டைப் மலிவு, ஆனா சட்டை உரசறதெல்லாம் கேக்கும். காதுக்குப் பின்னாடி மாட்டற இந்த டிஜிட்டல் போதும். போன வருஷ மாடல், பாதி விலைக்குத் தரேன். ஒரு காதுக்கு ஒசத்தியா ஒண்ணு வாங்கறதைவிட, ரெண்டு காதுக்கும் சாதாரணமா ரெண்டு வாங்குங்க. ரெண்டு வாரம் போட்டுப் பாருங்க. ஒத்து வரலைன்னா திருப்பிக் குடுங்க."

பாதி விலைக்கும் மில்லுக்குப் புதுக் கல் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததைத்தான் எடுக்க வேண்டும். அவர் மனைவியைப் பார்த்தார். பழைய கல்லைக் கொத்தி ஓட்டிக்கலாம் என்று அவள் கையாலேயே சொல்லிவிட்டாள்.

"காது அச்சு எடுத்துச் செய்யறதுக்குப் பத்து நாள் ஆகும். அப்புறம் இது பழகறதுக்கு மூளைக்கு ஒரு ஒன்றரை மாசம் வேணும். அவசரப்படக் கூடாது" என்றாள் மேடம்.

"எனக்கு ஆறு நாள்தான் இருக்கு."

"எங்கேயாவது வெளியூர் போறீங்களா?"

மகள் எழுந்துபோய் மேடத்தின் காதருகே குனிந்து சொன்னாள். மேடம் கொஞ்ச நேரம் தட்டிலிருந்த கருவிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு அச்சுக்குப் பதில் இப்போதைக்கு ரப்பர் முனை போட்டுத் தருகிறேன் என்று சொல்லி, இரண்டையும் அவர் காதில் பொருத்தி, வயரைக் கம்ப்யூட்டரில் சொருகினாள்.

"அம்மா, நீங்க அவர் முன்னாடி வந்து உக்காந்து பேசுங்க. எதையாவது பேசிட்டே இருங்க. உங்க குரலை வெச்சே செட் பண்ணிடறேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பழக்க தோஷம். "கோதுமை வந்திருக்கு" என்று கத்தினாள். மேடம் நாற்காலியிலிருந்து அரை அடி எழும்பி உட்கார்ந்தாள். மகள் சிரித்துவிட்டாள், அவளும் சிரித்தாள்.

மில்லுக்காரர் சிரிக்கவில்லை. சல்லடையில் தவிடு உரசுவது போல ஒரு சத்தம் கேட்டிருந்தது. சொல் புரிந்தது. ஆனால் யார் பேசியது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்தப் பதினோரு வருஷமும் அவள் உதடு அசையும்போதெல்லாம் அவர் மனசுக்குள் ஒரு குரல் பேசும். கணீரென்ற குரல், வாடிக்கையாளரிடம் பேரம் பேசி ஜெயித்த குரல். அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார்.

"இது அவ குரல் இல்லியே" என்றார்.

சிரிப்பு நின்றது.

"இதுதாம்பா. ஒரு வருஷமா இதுதான்" என்றாள் மகள்.

"ஒரு வருஷமாவா?"

மேடம் திரையைப் பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம் பேசுங்கம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு சத்தங்கள் மொத்தமாக வந்து விழுந்தன. குழாய் சொட்டுவது கேட்டது. மின்விசிறி முனகுவது கேட்டது. சோறு மெல்லுவது தன் காதுக்கே கேட்டதில் இரண்டு வாய் குறைவாகச் சாப்பிட்டார். சனிக்கிழமை மில்லில், வாசலில் நின்ற ஒருத்தி போனில், "செவிட்டு மில்லு வாசல்லதான் நிக்கறேன்" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. தன் மில்லுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரியும்.

அவளிடம் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்காருவார். அவள் ஏதாவது சொல்லப்போகிறாள் என்று காத்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தானாகக் கத்தத்தான் வந்தது. "கேஸ் தீந்து போச்சு" என்று வெடிப்பாள். அவர் காதைப் பிடித்துக்கொள்வார்.

"மெதுவாப் பேசேன். கேக்குது."

"மெதுவாத்தானே பேசறேன்" என்று கத்துவாள்.

மிச்சமிருந்த நாலைந்து நாளில் அவள் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஏதோ ஒன்று. கேஸ் சிலிண்டர் அல்லாத ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. புதுக் கல் வாங்கும் பணம் காதுக்குப் போய்விட்டதால் பழைய கல்லைக் கழற்றி வைத்துக் கொத்த உட்கார்ந்தார். தேய்ந்த பள்ளங்களை உளியால் மறுபடி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாவு சூடாகிக் கெட்டுப்போகும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை செய்கிற வேலைதான். மோட்டார் ஓடாத மில்லில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, டொக் டொக் என்று மத்தியானம் வரை போகும். அவள் வழக்கம்போல் கூட வந்து பின்னால் கோதுமை மூட்டை மேல் உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.

கல் தூசி பறக்கும் என்பதால் கருவிகளைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு ஆசை வந்தது. நல்ல கல்லில் உளி விழுந்தால் மணி மாதிரி ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. வலது காதுக்கு மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டார். முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் அவள் அதைப் பார்க்கவில்லை. உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பயமா இருக்குங்க."

மெதுவான குரல். கரகரப்புக்கு அடியில் எங்கேயோ அந்தப் பழைய குரலின் வளைவு இருந்தது. சுத்தியல் அப்படியே நின்றது. நிறுத்தினால் சந்தேகப்படுவாள் என்று கல்லின் ஓரத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

"கழுத்துல ஓட்டை போடுவாங்களாம். அது வழியாத்தான் மூச்சு விடணுமாம். கண்ணாடியில எப்படிப் பாப்பேன்னு தெரியல. அவகிட்ட சொல்ல முடியாது. மிட்டாய் மிட்டாயா வாங்கிக் குடுத்தேனேன்னு ஏற்கனவே பாத்ரூம்ல போய் அழுதிட்டிருக்கா. நீங்க சரியாச் சாப்பிடவும் மாட்டேங்கறீங்க. இந்தச் சாக்கு வேற எலி கடிச்சு வெச்சிருக்கு."

அவர் திரும்பினார். ஊசி அவள் கையிலேயே நின்றது. அவள் அவர் காதைப் பார்த்தாள்.

"மாட்டியிருக்கீங்களா?" இந்தத் தடவை அவள் கத்தவில்லை.

"எப்பலேருந்து இப்படிப் பேசறே?"

"எப்பவும்தான். கல்லு கொத்தறப்பல்லாம். மெஷின் ஓடறப்பகூட." அவள் சாக்கை மடியில் மடித்து வைத்தாள். "கத்திச் சொல்ல முடியாததையெல்லாம் வேற எப்படிச் சொல்றது? உங்க முதுகுகிட்ட சொல்லிடுவேன். சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு."

"என்னென்ன சொன்னே?"

"என்னென்னவோ. உங்களைத் திட்டினதுதான் பாதி."

அவருக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். பதினோரு வருஷம் எதையும் கேட்காமல் இருந்தவர், இதை மட்டும் கேட்டார்.

"தொண்டையைப் பத்தி?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். "சொன்னேன். எச்சில்ல ரத்தம் வந்த அன்னிக்கே சொன்னேன். உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். போன வருஷம், இதே மாதிரி கொத்திட்டு இருந்தீங்க."

அன்று தான் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கொத்தி முடித்திருப்பார், கல்லை ஊதித் துடைத்து மாட்டியிருப்பார், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். அவள் எதிரே உட்கார்ந்து பரிமாறியிருப்பாள். மில்லுக்காரர் கல்லின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அழுகிற சத்தம் அவர் காதுக்கே பெரிதாகக் கேட்டது.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அழாதீங்க. கேட்டிருந்தா மட்டும் அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

"போயிருப்பேன்."

அவள் அவர் தோளில் படிந்திருந்த கல் தூசியைத் தட்டிவிட்டாள். "போயிருப்பீங்கதான்" என்றாள்.

வியாழக்கிழமை காலை ஸ்ட்ரெச்சர் வந்தது. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அவர் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, பேட்டரியை இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டு மறுபக்கம் நடந்தார். ஆபரேஷன் தியேட்டர் கதவில் நர்ஸ் கையைக் காட்டி நிறுத்தினாள். அவர் குனிந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கத்தவில்லை.

"மில்லைப் பூட்டியாச்சா?" என்றாள் மெதுவாக.

"பூட்டியாச்சு."

கதவு சாத்திக்கொண்டது.

அவள் பிழைத்தாள். இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் ஓட்டை, அதன் மேல் மெல்லிய துணி. மகள் ஒரு சிலேட்டு வாங்கி வைத்தாள், அவசரத்துக்கு அது உதவவில்லை. அவள் சத்தமில்லாமல் உதட்டை அசைப்பாள், மகள் விழிப்பாள், மில்லுக்காரர் பதில் சொல்வார். பதினோரு வருஷமாக உதட்டைப் படித்த மனுஷன். "அம்மா என்னப்பா சொல்றா?" என்று மகள் அவரிடம் கேட்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டில் ஒருவர் பேசியது என்னவென்று அவரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு அதில் பெருமை வரவில்லை. தண்ணீர் கேக்கறா, தலையணை கேக்கறா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

காது அச்சு தயாராகி வந்தபோது கடைக்குப் போனார். மேடம் புது அச்சைப் பொருத்தி, வயரைச் சொருகி, திரையைப் பார்த்தாள்.

"இதை மாத்திடலாமா ஐயா? இது அம்மா குரலுக்கு வெச்ச செட்டிங். பொதுவா வெச்சா மத்தவங்க பேசறது இன்னும் தெளிவாக் கேக்கும்."

"அப்படியே இருக்கட்டும்."

மேடம் வற்புறுத்தவில்லை. வயரை உருவிவிட்டு, அச்சை எப்படித் துடைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தாள்.

மில்லில் மெஷினைத் திருப்பி வைக்க முடியாது. அதனால் அவர் தன்னைத் திருப்பிக்கொண்டார். கையை மட்டும் பின்னால் சுவிட்சில் வைத்துக்கொண்டு மேஜையைப் பார்த்து நிற்கப் பழகினார். வீட்டிலும் அப்படித்தான். அவள் எங்கே போனாலும் அவர் முகம் அங்கே திரும்பும். இனி ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாது என்று வைராக்கியம். ஆனால் அவர் பார்த்துக்கொண்டே இருக்க இருக்க அவள் உதடு அசைவது குறைந்துகொண்டே வந்தது. தண்ணீர், தலையணை, பூட்டியாச்சா. அதோடு சரி. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

மறுபடி கல் கொத்தும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் பிடிவாதமாகக் கூட வந்தாள். மூட்டை மேல் உட்கார்ந்தாள். அவர் கல்லை நடுவில் இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிராக உட்கார்ந்து உளியை எடுத்தார். அவள் விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டினாள். அவருக்குப் புரியவில்லை. கல்லைத் திருப்பினார். அவள் தலையை ஆட்டினாள். எழுந்து வந்து அவர் இரண்டு தோளையும் பிடித்து, குழந்தையைத் திருப்புவது போலச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் உளியைக் கல்லில் வைத்தார். அடிக்கவில்லை. இந்தத் தடவை கழற்றாமல் விட்ட கருவிகளில் பின்னாலிருந்து மூச்சு கேட்டது. கழுத்து ஓட்டை வழியாக வருகிற காற்று. குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று, நின்று, மறுபடி குட்டையாக இரண்டு. மூச்சு விடுகிறவர்கள் அப்படி விடமாட்டார்கள். அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

எதிரே மெஷினின் எவர்சில்வர் மூடி, துடைத்து வைத்தது, பளபளவென்று இருந்தது. அதில் மூட்டையும் அவளும் சின்னதாகத் தெரிந்தார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் உதட்டைப் படித்துவிடலாம். மில்லுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த மூடியின் மேல் போட்டார்.

காற்று வந்துகொண்டே இருந்தது. பாதி தன்னைத் திட்டுவதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மீதிப் பாதி என்னவாக இருக்கும் என்று யோசித்தார். ஒரு இடத்தில் மூச்சு வேகவேகமாக வந்து அடங்கியது. திரும்பிவிடலாம் போல இருந்தது. கையை முழங்கால் மேல் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெகு நேரம் கழித்து மேஜைப் பக்கமிருந்து கயிறு இழுபட்டு, டப்பா மூடி மூன்று தடவை ஆடியது. நிறுத்திவிட்டு வா. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.